பிழையும் பிழைத்தலும்: ஒரு நொதியம் பற்றிய குறிப்பு

உயிரின் தொடர்ச்சி பிழையற்ற பிரதியெடுப்பிலேயே தங்கியுள்ளது என்பது பரவலாக நிலவும் கருத்து. இது முழு உண்மையன்று. கலம் பிரிவதற்கு முன் அதன் டி.என்.ஏ.யைப் பிரதிசெய்யும் பிரதான நொதியங்கள் மிகக் கண்டிப்பானவை. மூலப்பிரதி சிதைந்துள்ள இடத்தை அவற்றாற் கடக்க இயலாது. சூரிய ஒளியின் ஊதாக்கடந்த கதிர்கள் அடுத்தடுத்துள்ள இரு தைமீன்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும்போது பிரதியெடுப்பு அவ்விடத்தில் தடைப்படுகிறது. தடை நீடித்தாற் கலம் இறக்கவுங்கூடும்.

அவ்வேளையிற் பொலிமரேசு ஈற்றா என்னும் நொதியம் பொறுப்பேற்கிறது. பிணைந்த இரு தைமீன்களையும் ஒருங்கே ஏற்கத்தக்க அகன்ற இடம் அதன் அமைப்பில் உண்டு. அவற்றுக்கெதிரே இரு அடினீன்களைச் சேர்த்துச் சிறிது தூரஞ் சென்றபின் அது விலகிவிடுகிறது. சிதைவு திருத்தப்படவில்லை, கடக்கப்பட்டது மாத்திரமே என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இந்த வேறுபாடு விளங்குவதற்கு நெடுங்காலஞ் சென்றது. வெயில்பட்ட தோலில் இளவயதிலேயே புற்றுநோய் தோன்றும் சீரோடேர்மா பிக்மென்ரோசம் என்னும் பரம்பரை நோயுள்ளோரின் கலங்கள் டி.என்.ஏ.யைத் திருத்தும் ஆற்றலிற் குறைபாடுடையன என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். ஆயின் நோயாளர் சிலரிடம் அவ்வாற்றல் குறைவின்றிக் காணப்பட்டது. 1999இல் யப்பானில் ஹனயோக்கா குழுவினரும், ரெக்சாசில் லூயிஸ் பிரகாஷ், சத்யா பிரகாஷ் ஆகியோரின் குழுவினரும் இப்புதிரை விடுவித்தனர். இந்நோயாளரிடம் செயற்படாதிருந்தது பொலிமரேசு ஈற்றாவே. அதனிடத்தில் வேறு நொதியங்கள் கூடுதலான பிழைகளுடன் சிதைவைக் கடக்கின்றன, விகாரங்கள் பெருகுகின்றன.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. சிதையாத டி.என்.ஏ.யைப் பிரதிசெய்யும்போது இதே நொதியம் பிரதான நொதியங்களைவிடப் பன்மடங்கு பிழை விடுகிறது. தன் பிழையைத் தானே சரிபார்க்கும் ஆற்றலும் அதற்கில்லை. எனவே செம்மை என்பது நொதியத்தினுள் உறையும் நிலையான பண்பன்று; நொதியத்துக்கும் அது பிரதிசெய்யும் பகுதிக்குமிடையிலான உறவில் அமைவது. (தமிழிற் பிழைத்தல் என்பது தவறுதலையும் உயிர்தப்புதலையும் ஒருங்கே குறிப்பது இலக்கிய மாணவராகிய எமக்கு நினைவுக்கு வருகின்றது.)

ஆயினும், ‘இயற்கையின் இயங்கியல்’ நூலுக்கு இதோ நிரூபணம் என முழங்க நாம் தயாரில்லை. லைசெங்கோவின் கோட்பாட்டை எதிர்த்த வவிலோவ் 1943இற் சிறையில் மாண்டதையும், 1948இற் சோவியத் ஒன்றியத்தில் மரபியல் ஒடுக்கப்பட்டதையும் மார்க்சியர் மறத்தலாகாது. அங்கு தத்துவம் ஆய்வுகூடத்துக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதியது. பொலிமரேசு ஈற்றாவின் முரண்பாடோ ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டதொன்று.

அம்முரண்பாடு நோய்ச் சிகிச்சையிலுந் தொடர்கிறது. சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து டி.என்.ஏ.யைச் சிதைத்தே புற்றுக்கலங்களைக் கொல்கிறது. அச்சிதைவையும் பொலிமரேசு ஈற்றா கடந்துவிடுகிறது. வெயிலிலிருந்து எம்மைக் காக்கும் நொதியம் அங்கு புற்றுக்கலம் பிழைக்கத் துணைபுரிகிறது.