டோல்கேட் போட முடியாத கண்மாய்

அரசு–தனியார் கூட்டு என்றால் மதுரைக்காரர்களுக்கு ரிங்ரோடுதான் நினைவுக்கு வரும். உத்தங்குடியில் கிளம்பி, வண்டியூர் ஓரமாக வைகையைத் தாண்டி, கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர். அதற்குக் கடன் கொடுத்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமே, 1996-ல் தனியார் நிதி நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு அரசு உருவாக்கிய கூட்டுதான். இந்த ரோட்டுக் கடனுக்காக 2001-ல் மாநகராட்சி 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. பத்திரம் வாங்கியவர்கள் நம்பியது மதுரையின் பெருமையை அல்ல. டோல்கேட்டில் லாரிக்காரர் கை நீட்டிக் கொடுக்கும் நோட்டை.

அந்த ரோட்டிலிருந்து சற்று மேற்கே போனால் வண்டியூர் கண்மாய். சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை மண்டித் தவித்த நீர்நிலை. அதன் கரையில் டோல்கேட் போட முடியாது. கண்மாய் சுத்தமானதால் காய்ச்சல் வராமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இவ்வளவு என்று யாரும் ரசீது கிழிக்க முடியாது. வசூல் இல்லாத இடத்துக்குக் கூட்டாளி எப்படி வருவார்? என் கவலையெல்லாம் இதுதான். திருப்பூரில் வேறு வழி பார்த்தார்கள். பவானித் தண்ணீரை 1,023 கோடி ரூபாய் செலவில் கொண்டுவந்து, சாயப்பட்டறைகளிடம் கூடுதல் விலை வாங்கி, வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுப்பது என்பது கணக்கு. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதும் கணக்கு ஆட்டம் கண்டது. குடும்பத்தின் குடிதண்ணீர் பட்டறையின் சம்பாத்தியத்தில் தொங்கினால் அப்படித்தான்.

டோல் இல்லையென்றால் ரோடே வந்திருக்காது, அரசிடம் பணம் ஏது என்பார்கள். ரோட்டுக்கு அது சரி. சாக்கடைக்குப் பணம் பெயராது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அப்போது சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூரில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டது அன்றைய நகராட்சி. குழாய் பதிக்கும் முன்பே மக்கள் கட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தினார்கள். அங்கே முதல் கூட்டாளி ஊர் ஜனம்தான்; அதனால் கணக்குக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. கட்ட முடியாத ஏழைகளின் பங்கை யார் போடுவது? ரோட்டில் வசூலாவதில் ஒரு பங்கை ஒதுக்கலாமே. அடுத்த ஒப்பந்தம் மாமன்றத்துக்கு வரும் நாளில், ரோடு எத்தனை வழி என்று விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள் வண்டியூர்க்காரர்களே. அதில் கண்மாய்க்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்.