வெட்பாலை எண்ணெயும் வெள்ளைப் பொட்டலமும்

விசாகப்பட்டினத்தில் நமது சங்கக் குடும்பங்கள் பலவற்றில் ஊதா நிற எண்ணெய்ப் புட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அப்பளம், வடகத்தோடு அதுவும் பெட்டியில் வரும். வெட்பாலைத் தைலம். கேட்டால் பொடுகுக்கு என்பார்கள். சிலர் வாங்குவது சோரியாசிஸுக்கு. அதை வெளியே சொல்வதில்லை. நானும் பல வருடம் சொல்லவில்லை. வால்டேர் டிவிஷனில் மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடுதான் தண்டவாளம் பார்க்கப் போவேன். முழங்கை இரண்டிலும் வெள்ளிச் செதில்கள்.

சித்த வைத்தியத்தில் இதற்குக் காளாஞ்சகப் படை என்று பெயர். தொற்றுநோய் அல்ல. சாதாரணமாகத் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் அந்த வேலை நாலைந்து நாளில் நடந்துவிடுகிறது. உடம்பின் காவல் படையே தவறான சிக்னல் கொடுப்பதால் வரும் அழற்சி இது.

வெட்பாலை நமக்கு மட்டும் சொந்தமான மரம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. எலமஞ்சிலியை அடுத்த ஏட்டிகொப்பாக்காவில் அரக்குப் பொம்மை கடைகிறார்களே, அது இந்த மரத்தில்தான். தெலுங்கில் அங்குடு கர்ரா. நாம் கொலுவில் வைக்கும் மரச் செட்டியாரும் செட்டிச்சியும் இங்கே வாங்கியவர்களானால் வெட்பாலைக்காரர்களே! தாவர நூலார் வைத்த பெயர் ரைட்டியா டிங்டோரியா. டிங்டோரியா என்றால் சாயத்துக்கு உதவுவது. நாம் விஜயவாடா போகும் வழியில் தாண்டும் சாமல்கோட்டாவில் 18ஆம் நூற்றாண்டில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், இதன் இலையிலிருந்து அவுரியைப் போலவே நீலச் சாயம் எடுக்கலாம் என்று எழுதியவர்.

எண்ணெயின் ஊதா நிறத்துக்கு மூலம் அந்தச் சாயம்தான். இலையைக் கையால் கிள்ளி (இரும்பு படக்கூடாது என்பார்கள்; காரணம் கேட்டால் முறைப்பார்கள்), தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் சில நாள் வெயிலில் வைப்பார்கள். பச்சை மெல்ல ஊதாவாகும். இலையில் இண்டிகோவும், இண்டிருபின் என்ற சிவப்புச் சாயமும் உண்டு. தைவானில் வேறு செடிகளின் இலையிலிருந்து எடுத்த நீலப் பொடியைக் களிம்பாக்கிச் சோதித்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில் 42 நோயாளிகள். உடம்பின் ஒரு பக்கம் மருந்துக் களிம்பு, மறுபக்கம் வெறும் களிம்பு, 12 வாரம். 31 பேருக்கு மருந்திட்ட பக்கம் ஏறத்தாழத் தெளிந்தது. அது நம் எண்ணெய் அல்ல. ஆனால் சாயம் அதே குடும்பம். கவனியுங்கள், அதற்கே 12 வாரம் ஆயிற்று.

இந்தப் பொறுமை எனக்கு இல்லாததால் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, அதோடு உள்ளுக்கும் சாப்பிட வேண்டும் என்று ஒருவர் வெள்ளைப் பொட்டலங்கள் கொடுத்தார். சுத்த மூலிகை என்றார். ஒரே வாரத்தில் செதில் மறைந்தது! அரைக்கைச் சட்டை தைத்துக்கொண்டேன். நாலு மாதத்தில் முகம் உப்பியது. "ஏங்க, பூரிப்பா இது? வீக்கம் மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. மைத்துனர் மகள் கல்யாணத்துக்குப் போன இடத்தில் பொட்டலம் தீர்ந்துபோயிற்று. பத்தே நாளில் உடம்பெங்கும் சிவந்து, சீழ்க் கொப்புளங்கள், நடுக்கும் காய்ச்சல். மூன்று வாரம் ஆஸ்பத்திரி.

டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பவுடர் ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்பது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் சோரியாசிஸ் இப்படித்தான் சீறும் என்றார். கொடுத்தவர் கடையைக் காலி செய்திருந்தார். மனைவி கோபத்தில் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். பாவம், அது செய்யாத குற்றம்.

இலை என்றால் ஆபத்தே இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். தைவானில் களிம்பாகப் பூசிய அந்த நீலப் பொடியை ஜப்பானில் குடல் புண்ணுக்கு உள்ளுக்குச் சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறியதால், 2016இல் அந்நாட்டு அரசே எச்சரித்தது.

இப்போது டாக்டர் எழுதிய களிம்போடு, அவருக்குச் சொல்லிவிட்டு, தலைக்கும் முழங்கைக்கும் எண்ணெய் தடவுகிறேன். புண்ணோ சீழோ இருந்தால் தடவுவதில்லை. செதில் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. இலை பறிப்பவர்கள் காயைப் பாருங்கள்: வெட்பாலைக்கு நீளமான இரட்டைக் காய், நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். குடசப்பாலையின் காய்கள் தனித்தனியே பிரிந்திருக்கும். சங்கத்தில் யாருக்காவது என்னைப் போல முழுக்கைச் சட்டை வழக்கம் இருந்தால், ஞாயிறு மாலை நூலகத்தில்தான் இருப்பேன், வந்து பேசலாம். நான் அரைக்கைச் சட்டையில் இருப்பேன்.