மூச்சை எண்ணும் பனியன்

பனியனின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். நீள்கிறது, விட்டதும் ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. வேட்டியை அப்படி இழுத்துப் பாருங்கள். அசைந்து கொடுக்காது. இரண்டும் பருத்தி நூல்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ஓமந்தூரிலிருந்து திண்டிவனம் போய் நீங்கள் வாங்கி வந்த பனியன், திருப்பூரில் பின்னப்பட்டதாக இருக்கலாம். அதை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். வேட்டியில் பாவு நூலும் ஊடு நூலும் நேராக ஓடுகின்றன. பனியனிலோ நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒரு வரிசைக் கண்ணி அடுத்த வரிசைக் கண்ணிக்குள் நுழைந்திருக்கும். இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. அதன் வளைவுதான் நிமிர்கிறது.

இந்தக் குணம் மின்னணுவியலுக்கும் பயன்படுகிறது. உடையில் நேராகப் பதித்த செம்புக் கம்பி, பலமுறை குனிந்து நிமிர்ந்தால் முறிந்துவிடும். வெள்ளி பூசிய நைலான் நூலைக் கண்ணிகளாகப் பின்னினால், அது துணியோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும்.

அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. மின்சாரம் நூலின் வழியே மட்டும் செல்வதில்லை. கண்ணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களிலும் கடந்து செல்கிறது. துணியை இழுத்தால் சில தொடுகைகள் இறுகும், சில விலகும். மின்தடை மாறும். இத்தகைய பட்டையை மார்பைச் சுற்றிப் பின்னிவிட்டால், மூச்சை இழுக்கும்போது மார்பு விரிந்து தடை மாறுகிறது, விடும்போது மீள்கிறது. இந்த ஏற்ற இறக்கங்களை எண்ணினால் மூச்சின் எண்ணிக்கை கிடைத்துவிடும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு அது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் 1996-இல் போர்வீரர்களுக்கான ஓர் உடையை உருவாக்கத் தொடங்கினார். அதில் ஒளியிழை சுருளாக ஓடியது. குண்டு பாய்ந்து இழை அறுந்தால் இடம் தெரிந்துவிடும். இதயத் துடிப்பையும் மூச்சையும் அளக்கும் உணரிகளை அந்தத் துணியிலேயே இணைக்க முடிந்தது. அது நெய்த உடை. உடலோடு ஒட்டி விரிந்து சுருங்கும் வேலைக்கோ பின்னல் துணியே ஏற்றது.

மருத்துவமனை தொலைவிலுள்ள ஊரில், இரவில் மூச்சுத் திணறும் முதியவருக்கு இத்தகைய பனியன் காவலாக இருக்க முடியும். ஆனால் வியர்வையும் துவைப்பும் வெள்ளிப் பூச்சைக் கெடுக்கின்றன. துணி தளர்ந்தால் அளவும் தவறும். உயிர் காக்கும் கருவி தவறலாமா?

அந்தத் தளர்ச்சியை நீங்களே அளக்கலாம். பழைய பனியனில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். 13 செ.மீ. வரை இழுத்துப் பிடித்து விடுங்கள். உடனே அளந்து பாருங்கள். திரும்பாமல் நிற்கும் அந்தச் சில மில்லிமீட்டர்களோடுதான் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் போராடுகிறார்கள்.