செயற்கை மூட்டில் கிருமி: ஊசியா, மாத்திரையா, எத்தனை வாரம்?

முழங்கால் மூட்டோ இடுப்பு மூட்டோ மாற்றிக்கொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்கு அந்தச் செயற்கை மூட்டில் கிருமித் தொற்று வருகிறது. கேட்பதற்குக் குறைவுதான். ஆனால் வந்தவருக்கு மறுபடி ஆபரேஷன், பிறகு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக். "இவ்வளவு மருந்தை உடம்பு தாங்குமா? சீக்கிரம் நிறுத்தக் கூடாதா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஓரளவு தெளிவாகப் பதில் சொல்லும் இரண்டு பெரிய ஆய்வுகளைப் படித்தேன். இரண்டும் சேர்ந்து சொல்வது சுவாரசியமாக இருந்ததால் எழுதி வைக்கிறேன்.

முதலில், சாதாரணத் தொற்று மாதிரி இது ஏன் ஐந்து நாள் மாத்திரையில் போவதில்லை? உலோகத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா, தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கிறது. பயோஃபிலிம் என்பார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பிடிக்கிற பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டால் மட்டும் அது போகாது, தேய்க்கணும். படலத்துக்குள் கிருமிகள் மெதுவாக, பாதித் தூக்கத்தில் வாழ்கின்றன. வேகமாகப் பெருகும் கிருமியைக் கொல்லும் மருந்துகள் இவற்றிடம் தோற்றுப்போகின்றன.

அதனால் முதல் வேலை கத்திக்குத்தான். தொற்று புதிது என்றால், மூட்டைத் திறந்து கழுவி, அழுகிய திசுவைச் சுரண்டி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் பாகத்தை மாற்றிவிட்டு, உலோகத்தை அப்படியே விட்டுவைக்கலாம். பழைய தொற்று என்றால் பெரும்பாலும் மூட்டையே எடுத்து மாற்ற வேண்டிவரும். மருந்து அதற்குப் பிறகுதான்.

சரி, ஊசியா மாத்திரையா? ஊசிதான் "பவர்" என்று நாம் நம்புகிறோம். டாக்டர்களும் ரொம்ப காலம் அப்படித்தான் ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். 2019-இல் வெளியான ஓவிவா என்ற பிரிட்டிஷ் ஆய்வு இதைச் சோதித்தது. எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேர், அவர்களில் பலருக்கு உள்ளே உலோகம் இருந்தது. ஒரு பாதிக்கு ஊசி, மறு பாதிக்கு மாத்திரை. ஒரு வருடத்தில் சிகிச்சை தோற்றது ஊசியில் 14.6 சதவீதம், மாத்திரையில் 13.2 சதவீதம். அதாவது மாத்திரை எந்த விதத்திலும் மோசமில்லை. ஆனால் நரம்பில் போட்ட குழாயால் வந்த தொந்தரவு ஊசிக் குழுவில் 9.4 சதவீதம், மாத்திரைக் குழுவில் 1 சதவீதம்.

அப்படியானால் நாட்களையும் குறைக்கலாமே? பிரான்ஸில் செய்து 2021-இல் வெளியான டாட்டிப்போ ஆய்வு, செயற்கை மூட்டுத் தொற்றில் ஆறு வாரத்தையும் பன்னிரண்டு வாரத்தையும் ஒப்பிட்டது. இரண்டு வருடத்துக்குள் தொற்று விடாமல் நீடித்தது ஆறு வாரக் குழுவில் 18.1 சதவீதம், பன்னிரண்டு வாரக் குழுவில் 9.4 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! உலோகத்தை உள்ளேயே விட்டுவைத்தவர்களிடம்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. தீவிரமான பக்கவிளைவுகளில் இரு குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆக, வழியை எளிதாக்கலாம், காலத்தைச் சுருக்குவதுதான் ஆபத்து. நாம் பயப்படுவது தலைகீழாக இருக்கிறது.

அதற்காக மாத்திரை என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி என்றால், உலோகம் உள்ளேயே இருக்கும்போது ரிஃபாம்பிசின் சேர்ப்பது வழக்கம். நமக்கு டிபி மருந்தாகத் தெரிந்த அதேதான். படலத்துக்குள்ளும் வேலை செய்யக்கூடியது. ஆனால் தனியாகக் கொடுத்தால் கிருமி சட்டென்று பழகிவிடும், அதனால் எப்போதும் இன்னொரு மருந்தோடுதான். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால் உடனே சொல்லணும், கல்லீரல் விஷயம். வார்ஃபரின், கருத்தடை மாத்திரை போன்றவற்றின் வேலையையும் அது குறைத்துவிடும்.

கூடவே வரும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை தசைநாரைப் பாதிக்கலாம். குதிகாலுக்கு மேல் திடீரென வலித்தால், "வயசாச்சு" என்று விடக்கூடாது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. லினசோலிட் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ரத்த அணுக்கள் குறையலாம். தசைநார் வலியோ கண் மஞ்சளோ வந்தால் அந்த மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் பேசணும். மற்றபடி, தீர்வு பயந்து நாமாகவே மருந்தை விடுவதல்ல. சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்வதும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுவதும்தான்.

கடைசியாக ஒன்று. மாற்றிய மூட்டு வீங்கினாலோ, காயம் கசிந்தாலோ, மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். மூட்டு நீரை எடுத்து எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே மருந்து உள்ளே போனால், கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். அப்புறம் எந்த மருந்து, எத்தனை வாரம் என்பதெல்லாம் ஊகம்தான். அவசரமாகப் போக வேண்டியது, ஆபரேஷன் செய்த டாக்டரிடம்.