கண்ணுக்குள் ஓர் அளவுகோல்

வாசகர்களே, கூய் லாப்பிஸ் பலகாரத்தில் எத்தனை அடுக்கு, ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு கனம் என்று அறிய வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? கத்தியால் வெட்டிப் பார்ப்பீர்கள். நம் கண்ணின் உட்புறத்தே, பின்பக்கத்தில், விழித்திரை என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. அதன் கனம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். அதற்குள் பத்து அடுக்குகள்! உயிருள்ள மனிதரின் கண்ணை வெட்டிப் பார்க்க முடியுமா? பின் அந்த அடுக்குகளை அளப்பது எப்படி?

ஒளியைக் கொண்டே அளக்கிறார்கள். அந்தக் கருவியின் பெயர் ஓ.சி.டி. உங்களில் சிலர் மருத்துவமனையில் அதன்முன் மோவாயை வைத்து அமர்ந்திருப்பீர்கள். ஊசியில்லை, வலியில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும்.

மலையை நோக்கிக் கூவினால் எதிரொலி வருகிறது. அது வரும் நேரத்தைக் கொண்டு மலையின் தூரத்தைச் சொல்லிவிடலாம். ஒளியும் அப்படித்தான், ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுக் கொஞ்சம் திரும்பி வருகிறது. ஆனால் விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளிக்கு எந்தக் கடிகாரத்தை வைத்து நேரம் பார்ப்பது?

இதற்கு விஞ்ஞானிகள் ஓர் உபாயம் கண்டார்கள். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றை முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடியின் மீதும் அனுப்புகிறார்கள். இரண்டும் சென்று திரும்பிய தூரம் சமமாக இருந்தால்தான் அவை ஒன்றோடொன்று இணைந்து அடையாளம் காட்டும். முதலில் வந்த கருவிகளில் ஆடியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் அடுக்கின் ஆழத்தையும் கண்டார்கள். இன்றைய கருவிகள் ஆடியை நகர்த்தாமலே, திரும்பும் ஒளியை அலைநீள வாரியாக ஆராய்ந்து, விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களை அளந்துவிடுகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காற்றில் ஓடும் வேகத்தில் ஒளி விழித்திரைக்குள் ஓடுவதில்லை, ஏறத்தாழ 1.38 மடங்கு மெதுவாகச் செல்கிறது. ஆகவே கருவி கண்ட தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால்தான் உண்மையான கனம் கிடைக்கும். கனம் முன்பே தெரிந்த பொருளானால், ஒளி அதில் எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதையும் இதே முறையில் கண்டுகொள்ளலாம். பழைய ஓவியங்களின் வார்னிஷ் பூச்சையும் மாத்திரைகளின் மேற்பூச்சையும்கூட இவ்வாறு சிதைக்காமல் ஆராய்கிறார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, டேவிட் ஹுவாங், எரிக் சுவான்சன் முதலியோர் 1991இல் இம்முறையை உலகுக்கு அறிவித்தார்கள். உடலிலிருந்து எடுக்கப்பட்ட விழித்திரையைத்தான் அப்போது படம் பிடித்தார்கள். 1993இல் உயிருள்ள மனிதரின் விழித்திரைப் படங்கள் வெளிவந்தன. 1996இல் கருவி விற்பனைக்கு வந்தது. 2023இல் இம்மூவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

இதில் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் இனிப்புநீர் உள்ளவர் என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறியது. இனிப்புநீரால் கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, விழித்திரையின் நடுப்பகுதி வீங்கக்கூடும். குளுக்கோமா நோயிலோ நரம்பிழை அடுக்கு மெலிந்துகொண்டே போகும். இரண்டிலும் தொடக்கத்தில் பார்வை மங்காமலே இருக்கலாம். "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது" என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுள்ள மாற்றத்தையும் இந்த ஒளி அளவுகோல் பிடித்துவிடும்.

வீக்கத்தைக் காலத்தோடு கண்டால் மருந்துண்டு, பார்வையைக் காக்கலாம். மெலிந்துபோன நரம்பிழையோ மீண்டும் வளர்வதில்லை. எஞ்சியதைக் காப்பதுதான் வழி.

ஆகவே வீட்டில் இனிப்புநீர் உள்ள அப்பா, அம்மா, பாட்டி யாரானாலும், கண் மங்கும்வரை காத்திருக்க விடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எல்லாருக்கும் இந்தக் கருவி தேவைப்படாது. முதலில் மருத்துவர் விழித்திரையைப் பார்ப்பார். ஐயம் இருந்தால் அவரே ஓ.சி.டி. எடுக்கச் சொல்வார். அன்று தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் இனிப்பின் அளவைக் குறித்து வைப்பதுபோல், கண் பார்த்த தேதியையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.