துளிர்த்த மரத்தை மொட்டையடித்த ஓவியர்! - பேஸ்டலும் ஆயில் பெயின்ட்டும் வைத்து பருவகாலத்தைத் துரத்திய மோனே

மரம் துளிர்த்தா யாருக்காவது கோபம் வருமா? பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனேவுக்கு வந்தது.

1889-ம் ஆண்டு, பிரான்ஸின் க்ரூஸ் பள்ளத்தாக்கில் ஒரு வயதான ஓக் மரத்தை ஆயில் பெயின்ட்டில் வரைய ஆரம்பித்தார். குளிர்காலம் முடிகிற நேரம் என்பதால் மரத்தில் ஓர் இலைகூட இல்லை. மழையும் மோசமான வானிலையும் வேலையை இழுத்தடிக்க, மே மாதம் வந்துவிட்டது. மரம் முழுக்கப் பச்சை இலைகள். படமோ பாதியில் நிற்கிறது. என்ன செய்தார் தெரியுமா? இடத்தின் உரிமையாளருக்குப் பணம் தர முன்வந்து, அனுமதி வாங்கி, ஆட்களை ஏணி போட்டு ஏறச் சொல்லி, இலைகளையெல்லாம் பறிக்க வைத்தார்!

கேட்கச் சிரிப்பா இருக்கலாம். ஆனா, வெளியில் உட்கார்ந்து இயற்கையை வரைகிற எல்லோருக்கும் இருக்கிற பிரச்னைதான் இது. பருவகாலம் நமக்காகக் காத்திருக்காது; ஆயில் பெயின்ட்டோ அவசரப்படாது.

ஆயில் ஏன் இவ்வளவு ஸ்லோ?

வாட்டர் கலர் காய்வது சுலபம். தண்ணீர் ஆவியானால் போதும். ஆயில் பெயின்ட்டில் நிறத்தூளைக் குழைத்திருப்பது பெரும்பாலும் ஆளி விதை எண்ணெயில். எண்ணெய் ஆவியாகாது, காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். மெல்லிய பூச்சு காயவே சில நாள்கள் ஆகும். தடிமனாகப் பூசினால் மாதக்கணக்கில் இழுக்கும். அது காய்வதற்குள் மேலே இன்னொரு நிறத்தை வைத்துத் தேய்த்தால், இரண்டும் கலந்து சேறு மாதிரி ஆகிவிடும்.

பேஸ்டல் இதற்கு நேரெதிர். நிறத்தூளோடு கொஞ்சூண்டு பசை சேர்த்துக் குச்சியாக உருட்டியதுதான் சாஃப்ட் பேஸ்டல். தூரிகை, எண்ணெய் எதுவும் வேண்டாம். காயவும் வேண்டாம். மேகம் நகர்வதற்குள் வானத்தையே முடித்துவிடலாம். ஆனா, விரல் பட்டாலே கலையும், கண்ணாடி போட்டுத்தான் பாதுகாக்க முடியும். நாலைந்து தடவை மேலே மேலே பூசினால், பேப்பர் அதற்கு மேல் நிறத்தைப் பிடிக்காது.

இளம் வயதிலேயே மோனே வானத்தையும் கடலோரத்தையும் பேஸ்டலில் வரைந்து பழகியவர். 1874-ல் பாரிஸில் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில், அவருடைய ஆயில் ஓவியங்களோடு ஏழு பேஸ்டல்களும் இடம்பெற்றன.

ஒரு வயல்... 25 படம்!

ஓக் மரத்தின் இலையைப் பறிக்கலாம். சூரியனை நிறுத்த முடியுமா? அதற்கு மோனே கண்டுபிடித்த வழிதான் செம சிம்பிள். பருவம் மாறினால், கேன்வாஸையும் மாற்றிவிடு!

ஜிவெர்னி கிராமத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து வயலில் பெரிய பெரிய போர்கள் நின்றன. வைக்கோல்போர் என்று சொன்னாலும், உள்ளே இருந்தவை தானியத்தோடு கூடிய கதிர்கள். கதிரடிக்கும் மெஷின் ஒவ்வோர் ஊராகச் சுற்றி வர மாதங்கள் ஆகும். அதுவரை, அறுவடை முடிந்த கோடையில் இருந்து பனிக்காலம் தாண்டியும் போர்கள் அசையாமல் நின்றன. ஒரு ஓவியருக்கு இதைவிட நல்ல மாடல் கிடைக்குமா?

வெயிலுக்கு ஒன்று, மேகமூட்டத்துக்கு ஒன்று என இரண்டு கேன்வாஸ் போதும் என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆனால், வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்க, இன்னொன்று, இன்னொன்று என வீட்டில் இருந்து எடுத்து வரச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வெளிச்சம் போனதும் அந்த கேன்வாஸைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அதே வெளிச்சம் இன்னொரு நாள் திரும்பும்போது பழையதைத் தொடர்வார். அதற்குள் அடிப்பூச்சு காய்ந்திருந்தால், மேலே அடுத்த நிறத்தைக் கலங்காமல் வைக்கலாம். பிரச்னையாக இருந்த ஆயிலின் மெதுவான குணமே இங்கே உதவியது.

1890-91-ல் இப்படி உருவானவை சுமார் 25 ஓவியங்கள். பனி படர்ந்த போரின் நிழலை உற்றுப் பாருங்க. கறுப்பு இருக்காது; நீலமும் ஊதாவும்தான் இருக்கும். இந்த வரிசையில் ஒரு படம் 2019-ல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

பெட்டி வர லேட்... பேஸ்டல் வந்தது கைக்கு!

1901 குளிர்காலத்தில், தேம்ஸ் நதியின் பனிமூட்டத்தை வரைய லண்டன் போனார் மோனே. பெயின்ட்டும் கேன்வாஸும் இருந்த பெட்டிகள் வந்து சேரத் தாமதமானது. பனிமூட்டம் காத்திருக்குமா? பேஸ்டலை எடுத்தார். ஹோட்டல் ஜன்னலில் இருந்து தெரிந்த பாலங்களைக் கடகடவென வரைந்தார். அடுத்து ஆயிலில் எப்படிப் போக வேண்டும் என்பதே இந்த வேகமான பேஸ்டல்களால்தான் புரிந்தது என்று மனைவி ஆலிஸுக்குக் கடிதமும் எழுதினார். லண்டனில் தொடங்கிய ஆயில் ஓவியங்களை ஜிவெர்னி ஸ்டூடியோவில் வருடக்கணக்கில் திருத்தி, 1904-ல்தான் கண்காட்சிக்கு வைத்தார்.

கண் பார்த்ததை உடனே பிடிக்க பேஸ்டல். பிடித்ததைப் பொறுமையாக வளர்க்க ஆயில். இரண்டும் போட்டியாளர்கள் இல்லை, பார்ட்னர்கள்!

நீங்களும் ட்ரை பண்ணலாமே!

* கடையில் வாங்கும்போது டப்பாவைப் படிங்க. ஸ்கூலில் நாம் தேய்த்தது பெரும்பாலும் ஆயில் பேஸ்டல். மெழுகும் எண்ணெயும் கலந்தது. மோனே பயன்படுத்திய பொடி ரக சாஃப்ட் பேஸ்டல் வேறு.

* சொரசொரப்பான பேப்பர் எடுங்க. வழவழப்பான தாளில் தூள் நிற்காது.

* மொட்டைமாடி, தெருமுனை மரம் என ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்க. காலை 7 மணிக்கு ஒன்று, மாலை 5 மணிக்கு ஒன்று, பத்தே நிமிடம். வெயில் நாளில் ஒன்று, மழை நாளில் ஒன்று.

* வெளிச்சம் மாறிவிட்டால் படத்தைத் திருத்தாதீங்க. புதுத் தாள் எடுங்க.

* போனில் போட்டோ எடுப்பதைக் கடைசியில் வைத்துக்கோங்க. நிழலில் எவ்வளவு நீலம் இருக்கிறது என்பதை முதலில் உங்கள் கண் கண்டுபிடிக்கட்டும்.