மூணு ரிமோட், ஒரு அம்மா: யுனிவர்சல் ரிமோட்டுக்கு எப்படிக் கத்துக்கொடுக்கிறது?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் டேட்டாபேஸ் பற்றிப் பேசி உங்களைத் தூங்க வெச்சேன். இந்த வாரம் வீட்டு ஹாலுக்கு வருவோம். டீப்பாய் மேல கிடக்கிற ரிமோட்டுகள்தான் சப்ஜெக்ட்.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அம்மா திருச்சியில தனியா இருக்காங்க. நான் சென்னையில. அந்த வீட்டு டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒண்ணு, நான் ஆசையா வாங்கிக் கொடுத்த சவுண்ட்பாருக்கு ஒண்ணு. மூணுக்கும் பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்ட் சுத்தி வெச்சிருப்பாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது போன் வரும்: "டேய், படம் வரலடா, நோ சிக்னல்னு நிக்குது." தெரியாம டிவி ரிமோட்ல சோர்ஸ் பட்டனை அமுக்கியிருப்பாங்க.

ஒருநாள் ஆபீஸ்ல புரொடக்‌ஷன் இஷ்யூ ஓடிட்டு இருந்தப்போ அந்தப் போன் வந்தது. "எத்தனை தடவைம்மா சொல்றது?"ன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் போன் வரல. சரி, கத்துக்கிட்டாங்க போலன்னு நினைச்சேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனா, டிவி மேல துணி போட்டு மூடியிருக்கு. "பார்க்கிறதே இல்லடா, கரண்ட் மிச்சம்"னு சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல.

அன்னிக்கு மதியம் உட்கார்ந்து செஞ்ச வேலைதான் இந்த எபிசோட்.

ரிமோட் என்ன பேசுது?

நம்ம வீட்டுல இருக்கிற பெரும்பாலான ரிமோட்டுகள் பேசுறது அகச்சிவப்பு ஒளியில. முனையில இருக்கிற சின்ன எல்இடி, நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை விட்டு விட்டு அடிக்கும். பொதுவா விநாடிக்கு 38,000 தடவை, அதாவது 38 கிலோஹெர்ட்ஸ். ஏன் இவ்வளவு வேகம்? வெயில்லயும் அகச்சிவப்பு இருக்கு, பல்புலயும் இருக்கு. டிவியில இருக்கிற ரிசீவர், இந்த வேகத்துல துடிக்கிற வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியைக் கண்டுக்காம விட்டுடும்.

அந்தத் துடிப்பு எவ்வளவு நேரம் இருக்கு, எவ்வளவு நேரம் இல்லைங்கிறதுதான் மொழி. நிறைய சாதனங்கள் பேசுற மொழிக்கு என்இசின்னு பேர். முதல்ல 9 மில்லிசெகண்ட் நீளமா ஒரு துடிப்பு, "கவனி"ங்கிற மாதிரி. அப்புறம் 4.5 மில்லிசெகண்ட் மௌனம். அதுக்கப்புறம் 32 பிட். அதுல முகவரி இருக்கு, கட்டளை இருக்கு, ரெண்டோட தலைகீழ் நகலும் இருக்கு. நகல் எதுக்கு? தப்பா விழுந்தா கண்டுபிடிக்க. முகவரி இருக்கிறதாலதான் டிவி வால்யூமை ஏத்தினா பக்கத்துல இருக்கிற சவுண்ட்பார் சும்மா இருக்கு. "எனக்கு வந்த லெட்டர் இல்ல"ன்னு விட்டுடும்.

எல்லாரும் இதே மொழி பேசுறதில்ல. சோனி தனக்குன்னு 40 கிலோஹெர்ட்ஸ்ல ஒண்ணு வெச்சிருக்கு. பிலிப்ஸ் கொண்டுவந்த ஆர்சி-5 ஓடுறது 36ல. ஒரு ரிமோட் எல்லாத்தையும் ஓட்டணும்னா இதையெல்லாம் சமாளிக்கணும்.

ரெண்டு வழி

முதல் வழி, கோட் போடுறது. யுனிவர்சல் ரிமோட்டுக்குள்ள பல கம்பெனிகளோட சிக்னல்கள் முன்னாடியே இருக்கும். கூட வர்ற தாள்ல உங்க பிராண்டுக்கு நேரா மூணு, நாலு இலக்க எண்கள் இருக்கும். செட் பட்டனை அமுக்கி, எண்ணைப் போட்டு, வேலை செய்யுதான்னு பார்க்கணும். இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. பவர் வேலை செஞ்சதும் "முடிஞ்சுது"ன்னு எழுந்துடுவாங்க. ஒரே பிராண்டுக்குப் பல கோட் இருக்கும். ஒண்ணுல பவரும் வால்யூமும் ஓடும், மெனு ஓடாது. அதனால தேவையான பட்டன் எல்லாத்தையும் அமுக்கிப் பார்த்துட்டு எழுந்திருங்க.

ரெண்டாவது வழி, லேர்னிங். இதுக்குத் தனி ரிமோட் வாங்கணும்னுகூட இல்ல. பல டிடிஹெச் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுல ஒரு ஓரமா டிவிக்குன்னு நாலஞ்சு பட்டன் காலியா இருக்கும். அது கத்துக்கத் தயாரா இருக்கிற பட்டன். எங்க வீட்டுலயும் இருந்தது, வருஷக்கணக்கா யாரும் தொடல.

மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், ஆனா அடிப்படை இதுதான்:

1. செட் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடிங்க. லைட் நிலையா எரியும்.
2. கத்துக்கொடுக்க வேண்டிய காலிப் பட்டனை ஒரு தடவை அமுக்குங்க. லைட் மினுக்கும்.
3. ரெண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கா, ரெண்டு மூணு சென்டிமீட்டர் இடைவெளியில வைங்க.
4. பழைய ரிமோட்ல அதே வேலைக்கான பட்டனை அமுக்குங்க. லைட் சில தடவை மினுக்கினா பதிவாயிடுச்சு.
5. எல்லாம் முடிஞ்சதும் செட் பட்டனை அமுக்கி வெளிய வாங்க.

கத்துக்கிற ரிமோட்டுக்கு சிக்னலோட அர்த்தம் தெரியாது. துடிப்பு, மௌனம், துடிப்புன்னு நேரத்தைக் குறிச்சு வெச்சு அப்படியே திருப்பி அடிக்கும். மொழி தெரியாத பாட்டை மனப்பாடம் பண்ற மாதிரி. அதனால கேட்கும்போது தப்பாக் கேட்டா, பாடும்போதும் தப்புதான்.

நான் அப்படித்தான் மாட்டினேன். பதிவாச்சுன்னு லைட் சொல்லுது, டிவி அசையல. மூணாவது தடவைதான் புரிஞ்சுது: பழைய ரிமோட் பட்டனை முதல்லயே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் மெதுவா எதிர்ல கொண்டுவந்திருக்கேன். என்இசி மொழியில பட்டனைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா முழுக் கட்டளை ஒரே ஒரு தடவைதான் போகும். அப்புறம் சுமார் 108 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை "அதே, அதே"ன்னு ஒரு குட்டி சிக்னல் மட்டும்தான். என் ரிமோட் கத்துக்கிட்டது அந்த "அதே"வை. எதுன்னு டிவிக்கு எப்படித் தெரியும்? முதல்ல நேருக்கு நேர் வெச்சுட்டு, அப்புறம் அமுக்கினேன். உடனே பிடிச்சுக்கிச்சு.

எதைக் கத்துக்கொடுக்கக் கூடாது?

பெரிய விஷயம் இதுதான். அம்மாவுக்கு எது தேவைன்னு ஒரு பேப்பர்ல எழுதினேன்: ஆன், ஆஃப், சேனல், சத்தம். அவ்வளவுதான். சேனல் அந்த ரிமோட்டோட சொந்த வேலை. பவரை டிவி ரிமோட்ல இருந்து எடுத்தேன். வால்யூம் ரெண்டையும் மியூட்டையும் சவுண்ட்பார் ரிமோட்ல இருந்து எடுத்தேன். டிவியோட சொந்த ஸ்பீக்கரை செட்டிங்ஸ்ல அணைச்சேன். எங்க சவுண்ட்பார்ல ஆட்டோ பவர் இருக்கு, டிவியில சத்தம் வந்தா அதுவே முழிச்சுக்கும்.

சோர்ஸ் பட்டனுக்கும் காலி இடம் இருந்தது. வேணும்னே விட்டுட்டேன். அந்தப் பட்டன் இல்லாட்டி அந்தப் பிரச்சினையும் இல்ல.

நீங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். உங்க டிவியும் சவுண்ட்பாரும் எச்டிஎம்ஐ ஏஆர்சி கேபிள்ல இணைஞ்சிருந்தா, செட்டிங்ஸ்ல சிஇசின்னு ஒண்ணைத் தேடுங்க. சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க்னு பேர் இருக்கும். அதை ஆன் பண்ணினா டிவி ரிமோட்டே சவுண்ட்பார் சத்தத்தையும் பார்த்துக்கும், கத்துக்கொடுக்கிற வேலையே மிச்சம். எங்க டிவி பழசு, ஆப்டிகல் கேபிள்தான், அதான் இவ்வளவு பாடு.

ரெண்டாவது, எல்லா ரிமோட்டும் அகச்சிவப்பு இல்ல. ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி சாதனங்களை ஓட்டுறது புளூடூத், அதை லேர்னிங் ரிமோட்டால கத்துக்க முடியாது. சந்தேகமா இருந்தா போன் செல்ஃபி கேமரா முன்னாடி ரிமோட்டை அமுக்கிப் பாருங்க. ஸ்க்ரீன்ல வெளுத்த ஊதா வெளிச்சம் மினுக்கினா அகச்சிவப்பு. பின்பக்கக் கேமராவுல பெரும்பாலும் ஃபில்டர் இருக்கும், தெரியாமப் போகலாம்.

எல்லாம் முடிச்சு ஒரே ஒரு ரிமோட்டை அம்மா கையில கொடுத்தேன். ஆன் பண்ணி, சத்தத்தை ஏத்தி, சேனல் மாத்திப் பார்த்தாங்க. "அன்னிக்குக் கத்தினதுக்கு சாரிம்மா"ன்னேன். டிவியில இருந்து கண்ணை எடுக்காமலே, "மத்த ரெண்டுலயும் பேட்டரியைக் கழட்டிட்டு பீரோல வை. ஒழுகிடும்"னாங்க.

நல்ல யோசனை. நீங்களும் பழைய ரிமோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சில ரிமோட்டுகள் பேட்டரி மாத்தும்போது கத்துக்கிட்டதை மறந்துடும், மறுபடி பாடம் எடுக்க வாத்தியார் வேணும்.

இந்த வாரம் ஊருக்குப் போறவங்க ஒரு இருபது நிமிஷம் ஒதுக்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பை!